பாதிக்குப் பாதி

லீ மார்வின் என்றால் சட்டென்று பிடிபடாமல் போகலாம். 'தி டர்ட்டி டஜன்' என்றால் தெரிந்துவிடும். பன்னிரண்டு ராணுவக் கைதிகளைத் திரட்டி, பயிற்சி கொடுத்து, ஜெர்மானியர்களுக்கு எதிராகக் கூட்டிக்கொண்டு போவாரே ஒரு மேஜர், அவர்தான். வெள்ளி முடி. கரகரத்த குரல். சிரித்தால்கூடக் கொஞ்சம் பயமாக இருக்கும். சினிமாவில் மட்டுமில்லை, நிஜத்திலும் பட்டாளத்துக்காரர். 1944-ல் சைபன் தீவில் ஜப்பானியரோடு நடந்த சண்டையில் குண்டடி பட்டவர். 'கேட் பல்லூ' படத்தில் குடிகாரத் துப்பாக்கி வீரனாக நடித்ததற்கு ஆஸ்கரும் வாங்கியிருக்கிறார்.

ஆனால் ஒரு சட்டக் கல்லூரிப் பக்கம் போய் அவர் பெயரைச் சொல்லுங்கள். யாரும் சினிமா பேசமாட்டார்கள். மார்வின் எதிர் மார்வின் என்ற வழக்கைத்தான் சொல்வார்கள். பெயரைக் கேட்டால் புருஷன் பெண்டாட்டி விவகாரம் மாதிரி இருக்கிறதல்லவா? அதுதான் இல்லை. அந்த இரண்டு மார்வின்களுக்கும் கல்யாணமே ஆகவில்லை. வழக்கே அதுதான்.

அந்தப் பெண் மிஷல் ட்ரியோலா. பாடகி, நடனக்காரி. 1964-ல் 'ஷிப் ஆஃப் ஃபூல்ஸ்' படப்பிடிப்பில் மார்வினைச் சந்தித்தார். அந்த அக்டோபரிலேயே ஒரே வீட்டில் குடித்தனம். அப்போது மார்வினுக்கு நாற்பது வயது. பெட்டி என்று ஒரு மனைவி, நான்கு குழந்தைகள். விவாகரத்து 1967-ல்தான் ஆனது. ஆனபிறகாவது மிஷலைக் கட்டிக்கொண்டாரா என்றால், அதுவும் இல்லை. கட்டாமலேயே வாழ்ந்தார்கள். மாலிபு கடற்கரையில் வீடு. மார்வினின் மார்க்கெட் ஏறிக்கொண்டே போனது. 'பெயின்ட் யுவர் வேகன்' படத்துக்குச் சம்பளம் பத்து லட்சம் டாலர். சம்பாதித்த பணத்தில் வாங்கிய சொத்தெல்லாம் அவர் பெயரில்.

1970 மே மாதம், போதும், கிளம்பு என்றுவிட்டார். வேடிக்கை என்னவென்றால், அந்தச் சமயத்தில்தான் மிஷல் சட்டப்படி தன் பெயரின் பின்னால் 'மார்வின்' என்று சேர்த்துக்கொண்டிருந்தார். ஆள் போனபிறகு பெயர் மட்டும் மிச்சம். அதே வருடம் அக்டோபரில் மார்வின் தன்னுடைய பழைய காதலி பமீலாவைக் கல்யாணம் செய்துகொண்டார். மிஷலுக்குக் கொஞ்ச காலம் பணம் அனுப்பினார். 1971 நவம்பரோடு அதையும் நிறுத்திவிட்டார்.

இந்த இடத்தில் கலிஃபோர்னியாவின் சொத்துச் சட்டத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் மிஷலின் வயிற்றெரிச்சல் புரியாது.

இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்குப் போன பழைய சட்டத்தில், கணவனும் மனைவியும் ஓருடல், அந்த ஓருடல் யார் என்றால் கணவன். சொத்து அவன் கையில். ஆனால் கலிஃபோர்னியா 1848 வரை மெக்ஸிகோவிடம் இருந்த பூமி. அதற்கு முன்பு ஸ்பெயின். ஸ்பானியச் சட்டம் வேறு மாதிரி. கல்யாணத்துக்குப் பிறகு இருவரில் யார் சம்பாதித்தாலும் அது குடும்பச் சொத்து, ஆளுக்குப் பாதி. அமெரிக்கா நிலத்தைப் பிடித்தது. இந்த வழக்கத்தை மட்டும் தூக்கி எறியாமல், 1849-ல் எழுதிய மாநில அரசியல் சட்டத்திலேயே இடம் கொடுத்துவிட்டது. அதனால் கலிஃபோர்னியாவில் மனைவி வேலைக்கே போகாமல் வீட்டில் இட்லி, மன்னிக்கவும், ஆம்லெட் சுட்டுக்கொண்டிருந்தால்கூட, கணவன் சம்பாதிக்கும் ஒவ்வொரு டாலரிலும் அரை டாலர் அவளுடையது. கோர்ட்டில் போய் சமையலுக்கு என்ன விலை, துணிக்கு என்ன விலை என்று கணக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது பாருங்கள். முதல் மனைவி பெட்டியின் பங்கு விவாகரத்தின்போது தீர்மானமாகிவிட்டது. பமீலாவுக்கு, மோதிரம் மாற்றிய நாளிலிருந்து மார்வினின் சம்பாத்தியத்தில் பாதி. நடுவில் ஐந்தரை வருஷம் சமைத்துப்போட்டு, வீட்டைப் பார்த்துக்கொண்டு, கூடவே அலைந்த மிஷலுக்கு? சைபர்.

ஊரறிய சேர்ந்து வாழ்ந்தாலே கல்யாணம்தான் என்று எடுத்துக்கொள்ளும் பழைய வழக்கம் ஒன்று உண்டு. கலிஃபோர்னியா அதை 1895-லேயே ஒழித்துக் கட்டிவிட்டது. ஆக அந்த வழியும் அடைப்பு.

மிஷல் ஒரு வக்கீலைப் பிடித்தார். அவர் பெயரும் மார்வின்தான்! மார்வின் மிட்சல்சன். ஹாலிவுட் பிரபலங்களின் விவாகரத்துகளில் கொடிகட்டிப் பறந்தவர், கேமராவைக் கண்டால் விடமாட்டார். 1972-ல் வழக்குப் போட்டார்கள். சாராம்சம் இதுதான்: 1964 அக்டோபரில் இருவரும் வாயால் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். சேர்ந்து வாழும் காலத்தில் யார் சம்பாதித்தாலும் சமமாகப் பங்கு. வெளியுலகத்துக்குக் கணவன் மனைவி. நான் பாட்டுத் தொழிலை விட்டுவிட்டு துணையாக, இல்லத்தரசியாக, சமையல்காரியாக இருப்பேன். அவர் ஆயுள் முழுக்க என்னைக் காப்பாற்றுவார். நான் என் பங்கைச் செய்துவிட்டேன். அவர் பங்கைக் கொடுக்கச் சொல்லுங்கள். அந்தக் காலத்தில் அவர் சம்பாதித்தது 36 லட்சம் டாலர், எனக்குச் சேர வேண்டியது 18 லட்சம்.

முதல் கோர்ட் சாட்சிகளை விசாரிக்கக்கூட இல்லை. மனுவைப் பார்த்தது, தள்ளுபடி செய்தது. மேல்முறையீட்டிலும் அதே கதை.

நீதிபதிகளுக்கு ஏன் இத்தனை அவசரம்? சட்டம் அன்றைக்கு அப்படி. கல்யாணமில்லாமல் ஆணும் பெண்ணும் சேர்ந்து வாழ்வது ஒழுக்கக்கேடு. ஒழுக்கக்கேட்டை அடிப்படையாக வைத்துப் போடும் ஒப்பந்தம் செல்லாது. அப்படி ஒரு பஞ்சாயத்து வந்தால் கோர்ட் கையைக் கட்டிக்கொள்ளும். இரண்டு பேருமே தப்பு செய்தவர்கள், எனவே இருப்பது இருந்தபடியே இருக்கட்டும். கேட்க நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் சொத்து யார் பெயரில் இருக்கும்? பெரும்பாலும் ஆண் பெயரில். இருந்தபடியே இருந்தால் அவனிடமே இருக்கும். தப்பு இருவருக்கும் பொது, தண்டனை மட்டும் ஒருத்திக்கு. ஒழுக்கத்தைக் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று சட்டம் இத்தனை காலம் செய்துகொண்டிருந்தது இதைத்தான்.

கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 1976 டிசம்பர் 27 அன்று இதைப் புரட்டிப்போட்டது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி மாத்யூ டோப்ரினர். பத்து வருஷத்துக்கு முன்னால் இருந்ததைப்போல் எட்டு மடங்கு ஜோடிகள் கல்யாணமில்லாமல் சேர்ந்து வாழ்கிறார்கள் என்று 1970 மக்கள்தொகைக் கணக்கு காட்டுவதாக அந்தத் தீர்ப்பிலேயே குறிப்பிடுகிறார். நாட்டில் இத்தனை பேர் கைவிட்டுவிட்ட ஒரு ஒழுக்க அளவுகோலை நாங்கள் மட்டும் பிடித்துக்கொண்டு தொங்க முடியாது என்பது அவர் வாதம். அதே மூச்சில், கல்யாணம் என்ற ஏற்பாட்டின் பெருமையைக் குறைத்து எதுவும் சொல்லவில்லை என்றும் எழுதிவைத்தார். விவரமான மனிதர்.

தீர்ப்பு என்ன? சேர்ந்து வாழும் இரண்டு பேர் பணம் பற்றியும் சொத்து பற்றியும் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். எழுத்தில் இருக்க வேண்டுமென்றுகூட இல்லை, வாய்ப்பேச்சு போதும். அந்த ஒப்பந்தம் வெளிப்படையாகப் படுக்கையை மட்டுமே விலையாக வைத்து எழுதப்பட்டிருந்தால்தான் செல்லாது. மற்றபடி, உறவு இருந்தது என்பதற்காகவே எல்லாவற்றையும் குப்பையில் போட முடியாது. சரி, வாயாலும் சொல்லவில்லை என்றால்? அவர்கள் நடந்துகொண்ட விதத்தைப் பார்த்து, இப்படி ஒரு புரிதல் இருந்திருக்கிறதா என்று கோர்ட் முடிவு செய்யலாம். பத்திரம் போடாமல் கூட்டாகக் கடை நடத்திய இரண்டு பேருக்கு கோர்ட் எப்படிக் கணக்குத் தீர்க்குமோ, அப்படி. அதுவும் சரிவராவிட்டால், செய்த வீட்டு வேலைக்கு நியாயமான மதிப்புப் போட்டு, அதிலிருந்து அவளுக்கு அவன் செய்த செலவைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுக்கலாம்.

கடைசி வரியை இன்னொரு முறை படியுங்கள். வீட்டு வேலைக்கு மதிப்பு! அதுவரை சமையல், துவையல், நோய் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது, விருந்தாளி வந்தால் சிரித்துக்கொண்டே காபி கொடுப்பது எல்லாம் பாசத்தில் செய்ததாகத்தான் சட்டப் புத்தகத்தில் இருந்தது. பாசத்துக்குக் கூலி கேட்கலாமா? உச்ச நீதிமன்றம் முதல்முறையாக, கேட்கலாம் போலிருக்கிறதே என்று சொன்னது.

ஆனால் இதே தீர்ப்பில் ஒரு கதவு மூடியது. அதை யாரும் அப்போது பெரிதாகப் பேசவில்லை. 1973-ல் ஒரு மேல்முறையீட்டு கோர்ட், கல்யாணமாகாமல் எட்டு வருடம் குடும்பம் நடத்திப் பிள்ளைகளும் பெற்ற ஒரு ஜோடிக்கு, குடும்பச் சட்டத்தையே நேரடியாகப் பொருத்தி, ஆளுக்குப் பாதி என்று சொல்லியிருந்தது. டோப்ரினர் அதை ஏற்கவில்லை. குடும்பச் சட்டம் கல்யாணமானவர்களுக்கு மட்டும்தான், மற்றவர்கள் ஒப்பந்தச் சட்டத்தின் வாசலில் போய் நில்லுங்கள் என்றார். மனைவி எதையும் நிரூபிக்க வேண்டாம். சேர்ந்து வாழ்ந்தவள் எல்லாவற்றையும் நிரூபிக்க வேண்டும். காதலிக்கும்போது எவன் ஸ்டாம்ப் பேப்பர் வாங்குகிறான்?

பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம். ஜீவனாம்சத்துக்கு ஆங்கிலத்தில் அலிமோனி. 'பால்' என்றால் தோழன், தோழி. இரண்டையும் ஒட்டவைத்து 'பாலிமோனி' என்று ஒரு புது வார்த்தை புழக்கத்துக்கு வந்துவிட்டது. தோழிக்கு ஜீவனாம்சம்! அகராதியிலேயே ஏறிவிட்டது.

வழக்கு கீழ்க்கோர்ட்டுக்குத் திரும்பியது. ஏனென்றால் உச்ச நீதிமன்றம், மிஷல் சொல்வது நிஜமா என்று பார்க்கவில்லை. நிஜமாக இருந்தால் வழக்குப் போட உரிமை உண்டு என்று மட்டும்தான் சொல்லியிருந்தது. 1979 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸில் விசாரணை ஆரம்பம். நீதிபதி ஆர்தர் மார்ஷல். வாரக்கணக்கில் நடந்தது. தினம் தினம் கோர்ட் வாசலில் டி.வி. வண்டிகள். பழைய காதல் கடிதங்கள் பொதுச்சபைக்கு வந்தன. காதலித்தீர்களா என்ற கேள்விக்கு மார்வின், காதலில் பல அளவு உண்டு என்று காரின் பெட்ரோல் முள்ளோடு ஒப்பிட்டு விளக்கம் கொடுத்தார். என்னுடையதெல்லாம் உன்னுடையது என்று அவர் சொன்னார் என்பது மிஷல் தரப்பு. காதலில் சொல்லும் வார்த்தையெல்லாம் கணக்கில் வருமா என்பது மார்வின் தரப்பு.

யோசித்துப் பார்த்தால் இது கொஞ்சம் கொடூரம்தான். கல்யாணமான தம்பதி பிரியும்போது, நீ அவளை எவ்வளவு நேசித்தாய், அன்று ராத்திரி என்ன சொன்னாய் என்று சொத்துப் பங்கீட்டில் யாரும் கேட்பதில்லை. வருஷத்தை எண்ணி, சொத்தை எண்ணி, இரண்டாக வகுத்துவிடுவார்கள். இங்கே ஒப்பந்தம் இருந்ததா என்று கண்டுபிடிக்க வேண்டுமே! அதற்காகக் காதலைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்தார்கள்.

1979 ஏப்ரல் 18-ல் தீர்ப்பு. வாய்மொழி ஒப்பந்தமும் இல்லை, நடத்தையால் விளைந்த ஒப்பந்தமும் இல்லை என்றார் நீதிபதி. எனவே 18 லட்சம் கிடையாது. ஆனால் அந்தப் பெண் இனிமேல் பழைய பாட்டுத் தொழிலுக்குத் திரும்புவது சந்தேகம், வேலையில்லாதவர்களுக்கான உதவித்தொகை வாங்கிக்கொண்டிருக்கிறார், ஏதாவது புதுத் தொழில் கற்றுக்கொள்ளட்டும் என்று 1,04,000 டாலர் கொடுக்கச் சொன்னார். கணக்கு எப்படி? பாடகியாக அவர் வாங்கிய அதிகபட்ச சம்பளம் வாரம் ஆயிரம் டாலர். அதை இரண்டு வருடத்துக்குப் போட்டுப் பெருக்கினார். இரண்டு தரப்பும் தாங்கள்தான் ஜெயித்தோம் என்று சொல்லிக்கொண்டு வெளியே வந்தார்கள்.

சினிமாவாக இருந்தால் இங்கே வணக்கம் போட்டிருப்பார்கள். மார்வின் மேல்முறையீடு செய்தார். 1981 ஆகஸ்டில் அந்த 1,04,000 டாலரும் ரத்தானது. ஒப்பந்தம் இல்லை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், அந்தப் பெண்ணும் உறவினால் வசதியாகத்தான் இருந்திருக்கிறார், பிறகு எந்தச் சட்டத்தில் இந்தப் பணம் என்று கேட்டது மேல் கோர்ட். உச்ச நீதிமன்றம் மறுபடி தலையிட மறுத்துவிட்டது. ஒன்பது வருட வழக்கு. உலகம் முழுக்க சட்டப் புத்தகங்களில் இடம். மிஷலுக்குக் கோர்ட் வழியாகக் கிடைத்தது ஒரு டாலர்கூட இல்லை.

லீ மார்வின் 1987-ல் காலமானார். வக்கீல் மிட்சல்சன் பிற்பாடு வரி ஏய்ப்பு வழக்கில் சிறைக்குப் போய்விட்டு வந்தார். மிஷல்? 'மேரி பாப்பின்ஸ்' படத்தில் ஆடிப் பாடுவாரே டிக் வான் டைக், அவரோடு முப்பது வருடத்துக்கு மேல் வாழ்ந்து 2009 அக்டோபரில் இறந்தார். அவரோடும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

கலிஃபோர்னியாவில் திறந்த வழியைப் பல மாநிலங்கள் பின்பற்றின. சில முகத்தைத் திருப்பிக்கொண்டன. இல்லினாயில் ஒரு பெண், கல்லூரிக் காலத்திலிருந்து பதினைந்து வருடம் ஒருவரோடு வாழ்ந்து, மூன்று பிள்ளைகள் பெற்று, அவரைப் படிக்கவைத்துப் பல் டாக்டராகவும் ஆக்கினார். 1979-ல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் அவருக்கு ஒன்றும் கிடையாது என்றது. இப்படிக் கொடுக்க ஆரம்பித்தால் கல்யாணத்துக்கு என்ன மரியாதை என்ற கவலை. டெக்ஸாஸ் போன்ற இடங்களில் எழுத்தில் இருந்தால்தான் செல்லும் என்று தனிச் சட்டமே போட்டார்கள். இங்கிலாந்தில் 1984-ல் இன்னும் பரிதாபமான வழக்கு. பத்தொன்பது வருஷம், இரண்டு பிள்ளைகள், வெளியில் அவர் பெயரைத்தான் போட்டுக்கொண்டார். வீடு வாங்கியதில் அந்த அம்மாள் பணம் போடவில்லை என்பதால் வீட்டில் பங்கில்லை. பிள்ளை வளர்த்தது, சமைத்தது எதுவும் கணக்கில் வராது என்று தீர்ப்பு.

உருப்படியாகச் செய்தவர்கள் ஸ்வீடன்காரர்கள் என்று எனக்குத் தோன்றும். 1987-லேயே சட்டம் கொண்டுவந்தார்கள். காதல், வாக்குறுதி எதையும் கிளறுவதில்லை. இருவரும் சேர்ந்து இருப்பதற்காக வாங்கிய வீடும், வீட்டுச் சாமான்களும் பிரியும்போது பாதிக்குப் பாதி. கார், பேங்க் பணம், விடுமுறை பங்களா அவரவருக்கு. வேண்டாம் என்பவர்கள் எழுதிவைத்துவிட்டு விலகிக்கொள்ளலாம். கலிஃபோர்னியாவுக்கு நேர்தலைகீழ். அங்கே வேண்டும் என்பவள் ஒப்பந்தத்தைக் காட்ட வேண்டும், இங்கே வேண்டாம் என்பவர் காட்ட வேண்டும். நியூஸிலாந்து 2002-லிருந்து, மூன்று வருடம் சேர்ந்து வாழ்ந்தவர்களைக் கல்யாணமானவர்கள் கணக்கிலேயே சேர்த்துவிட்டது.

இதெல்லாம் வெள்ளைக்காரன் சமாசாரம், நமக்கென்ன என்று தோன்றுகிறதா? மிஷல் இறந்து ஒரு வருடம்கூட ஆகாத நிலையில், 2010 அக்டோபர் 21 அன்று டெல்லியில் நம் உச்ச நீதிமன்றம் கொடுத்த ஒரு தீர்ப்பில் லீ மார்வின் வருகிறார். ஹாலிவுட் நடிகர், பாலிமோனி, கலிஃபோர்னியா வழக்கு எல்லாம் விளக்கமாக. எழுதியவர் நீதிபதி மார்க்கண்டேய கட்ஜு. வழக்கு வந்த இடம்? கோயமுத்தூர்.

கோவை குடும்ப நல நீதிமன்றத்தில் 2001-ல் ஒரு பெண் ஜீவனாம்சம் கேட்டு மனுப் போட்டிருந்தார். 1986-ல் ஒரு பள்ளி ஆசிரியர் தன்னை மணந்துகொண்டு, இரண்டு மூன்று வருடம் வாழ்ந்துவிட்டுப் போய்விட்டார் என்பது அவர் புகார். எனக்கு 1980-லேயே வேறொருவருடன் கல்யாணமாகிவிட்டது, இது கல்யாணமே இல்லை என்பது ஆசிரியரின் பதில். கீழே எல்லாக் கோர்ட்டிலும் அந்தப் பெண் ஜெயித்தார். வழக்கு டெல்லிக்குப் போனது.

அந்தச் சமயத்தில் புதிதாக ஒரு சட்டம் இருந்தது. 2005-ல் வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம். அதில் மனைவி மட்டுமில்லை, 'திருமணத்தின் தன்மை கொண்ட உறவில்' வாழும் பெண்ணுக்கும் பாதுகாப்பு உண்டு என்று எழுதியிருந்தார்கள். அது என்ன தன்மை என்று சட்டம் சொல்லவில்லை. கட்ஜு சொன்னார். ஊருக்குத் தம்பதியாகத் தெரிய வேண்டும். இருவருக்கும் சட்டப்படி வயது வந்திருக்க வேண்டும். கல்யாணம் செய்துகொள்ளத் தகுதி இருக்க வேண்டும், அதாவது ஏற்கெனவே வேறு துணை இருக்கக்கூடாது. விருப்பத்தோடு, கணிசமான காலம், ஒரே வீட்டில் வாழ்ந்திருக்க வேண்டும். பணம் கொடுத்து ஒருத்தியை 'கீப்'பாக வைத்திருப்பதெல்லாம் இதில் சேராது என்றும் எழுதினார். அந்த வார்த்தைக்காக, கூடுதல் சொலிசிட்டர் ஜெனரலாக இருந்த இந்திரா ஜெய்சிங் கோர்ட்டிலேயே எழுந்து ஆட்சேபித்தார். பெரிய சர்ச்சையானது.

(அதே வருடம் ஏப்ரலில்தான், குஷ்பு மீது போட்ட வழக்குகளையெல்லாம் ரத்து செய்து, வயதுவந்த இருவர் சேர்ந்து வாழ்வது குற்றமில்லை என்று இதே உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. குற்றமில்லை என்பது வேறு, உரிமை உண்டு என்பது வேறு.)

இங்கே ஒரு முரண் இருக்கிறது, பார்த்தீர்களா? இந்தத் தேர்வை மிஷலுக்கு வைத்திருந்தால் முதல் கேள்வியிலேயே தடுமாறியிருப்பார். அவர் குடித்தனம் ஆரம்பித்தபோது மார்வின் இன்னொருத்தியின் கணவர். கலிஃபோர்னியா அதைப் பெரிதுபடுத்தவில்லை, ஏனென்றால் அவர்கள் பார்த்தது ஒப்பந்தம். நாம் பார்ப்பது கல்யாணத்தின் சாயல். 2013-ல் வந்த இன்னொரு வழக்கில் பதினெட்டு வருட உறவு. ஆணுக்கு மனைவி இருப்பது தெரிந்தே வாழ்ந்தார் என்பதால் அந்தப் பெண்ணுக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. இப்படிப்பட்டவர்களுக்குப் பாராளுமன்றம் ஏதாவது செய்ய வேண்டும் என்று நீதிபதிகளே எழுதினார்கள்.

விசித்திரம் என்னவென்றால், நம்முடைய பழைய இந்து சட்டத்தில் இவர்களுக்கு ஒரு மூலை இருந்தது. 'அவருத்த ஸ்திரீ' என்பார்கள். ஒருவர் கடைசிவரை பகிரங்கமாக வைத்துக் காப்பாற்றிய பெண். அவர் இறந்தபிறகு அவருடைய சொத்திலிருந்து அவளுக்கு ஜீவனாம்சம் உண்டு. 1926-ல் பம்பாயிலிருந்து போன ஒரு வழக்கில் லண்டன் ப்ரிவி கவுன்சில் இதை உறுதிசெய்தது. அவள் அவருடைய குடும்ப வீட்டிலேயே வசித்திருக்க வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை என்றது. மேலோட்டமாகப் பார்த்தால் தாராளம்தான். ஆனால் அவர் இறந்தபிறகும் 'ஒழுக்கமாக' இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 1956-ல் ஜீவனாம்சச் சட்டத்தைப் புதிதாக எழுதியபோது, பராமரிக்க வேண்டியவர்களின் பட்டியலில் இந்தப் பெண் இல்லை. ஒருவனுக்கு ஒருத்தி என்று சட்டத்தை நவீனமாக்கியதில், பழைய சட்டம் போட்ட பிச்சையும் போயிற்று.

மிச்சமிருப்பது ஒரே வழி. நீண்டகாலம் தம்பதியாக வாழ்ந்தால் கல்யாணமானதாகவே ஊகித்துக்கொள்வது. 1978-ல் ஒரு நிலத் தகராறு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. ஐம்பது வருடம் சேர்ந்து வாழ்ந்த ஜோடி. கல்யாணம் நடந்ததற்கு என்ன அத்தாட்சி என்று எதிர்த்தரப்பு கேட்டது. அரை நூற்றாண்டுக்குப் பிறகு புரோகிதரைக் கொண்டுவா என்றால் யாரால் முடியும் என்று கேட்டு நீதிபதி கிருஷ்ணய்யர் வழக்கைத் தூக்கிப் போட்டார். 2015-லும் இதே அடிப்படையில் ஒரு பெண்ணுக்கு, இறந்தவரின் சொத்தில் மனைவி என்ற உரிமை கிடைத்தது. நல்ல காரியம்தான். ஆனால் கவனியுங்கள், கல்யாணமாகாதவளுக்கு உரிமை என்று எந்தக் கோர்ட்டும் சொல்லவில்லை. உனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்கிறோம் என்றுதான் சொன்னார்கள். நாங்கள் வேண்டுமென்றேதான் தாலி கட்டிக்கொள்ளவில்லை என்று ஒரு ஜோடி உண்மையைச் சொல்லிவிட்டால் இந்த ஊகம் அங்கேயே செத்துப்போகும்.

சரி, அமெரிக்கா மாதிரி ஒப்பந்தம் எழுதிக்கொண்டால்? நம்முடைய ஒப்பந்தச் சட்டம் 1872-ஐச் சேர்ந்தது. ஒழுக்கத்துக்கு விரோதமான ஒப்பந்தம் செல்லாது என்று 23-வது பிரிவு சொல்கிறது. அதற்குக் கொடுத்திருக்கும் உதாரணமே, ஒருத்தி தன் மகளை வைப்பாட்டியாக வாடகைக்கு விடுவது! பத்திரத்தில் ஒரு வரி பிசகினாலும் எதிர்த்தரப்பு வக்கீல் இந்தப் பிரிவைத்தான் முதலில் எடுப்பார்.

இதைவிடப் பெரிய பள்ளம் ஒன்று இருக்கிறது. ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் இரண்டு பேர் சேர்ந்து வாழ்கிறார்கள். ஃப்ளாட் வாங்குகிறார்கள். கடன் வசதிக்காகவோ, சோம்பலிலோ பத்திரம் ஒருவர் பெயரில் மட்டும். பணம் போட்டவர் இன்னொருவர். பிரிந்தால்? கணவன் மனைவி பெயரிலோ, பிள்ளை பெயரிலோ சொந்தப் பணத்தில் வாங்கினால் பினாமிச் சட்டம் விலக்குக் கொடுக்கிறது. சேர்ந்து வாழ்பவருக்கு அந்த விலக்கு இல்லை. அது என் பணம் என்று கோர்ட்டுக்குப் போனால், அப்படியா, அப்போது இது பினாமியா என்ற கேள்வி திரும்பி வரும். பத்திரப் பதிவு அன்றைக்கே இரண்டு பெயரையும் போட்டுக்கொண்டவர்களுக்கு மட்டும் இந்தத் தலைவலி இல்லை. 2025 ஜனவரியில் அமலுக்கு வந்த உத்தராகண்ட் பொது சிவில் சட்டம் சேர்ந்து வாழ்பவர்களைப் பதிவு செய்யச் சொல்கிறது, கைவிடப்பட்ட பெண் ஜீவனாம்சம் கேட்கலாம் என்கிறது. சொத்தில் பங்கு என்ற பேச்சு அதிலும் இல்லை.

நியாயமாகச் சொன்னால், கோவா தவிர மற்ற இடங்களில் தாலி கட்டிய மனைவிக்கே கணவனின் சம்பாத்தியத்தில் பாதி என்று சட்டம் கிடையாது. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் கொடுத்த ஒரு தீர்ப்பு அதனால்தான் அத்தனை பேசப்பட்டது. கணவர் சவூதியில் சம்பாதித்துப் பணம் அனுப்பினார். மனைவி இங்கே வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டார். சொத்து யாருக்கு என்று தகராறு. அந்த அம்மாள் ராப்பகலாக வீட்டைப் பார்த்துக்கொண்டதால்தான் அவர் அங்கே நிம்மதியாகச் சம்பாதிக்க முடிந்தது, எனவே சமபங்கு என்றார் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி. 1972-ல் மிஷல் தன் மனுவில் எழுதிய கணக்கு கிட்டத்தட்ட இதுதான். ஒரே வித்தியாசம், சென்னை வழக்கில் வந்தவர் மனைவி.

கோவை வழக்கு என்னவாயிற்று என்று சொல்லவில்லையே. ஆசிரியரின் முதல் கல்யாணம் நிஜமா என்று, அந்த முதல் மனைவியைக் கூப்பிட்டு விசாரிக்காமலே கீழ்க்கோர்ட்டுகள் முடிவு செய்துவிட்டன, அது தவறு என்றது உச்ச நீதிமன்றம். எல்லாத் தீர்ப்புகளையும் ரத்து செய்து, குடும்ப நல நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பியது. 2001-ல் போட்ட மனு, 2010-ல் மறுபடி முதலிலிருந்து. அந்தப் பெண் கேட்டிருந்தது மாதம் 500 ரூபாய்.